பாதத்துக்கென்றே செய்யும் மருத்துவக் காலணி: அளவெடுப்பது முதல் அணிந்து பழகுவது வரை

வடிவம் மாறிய பாதத்துக்கும் உணர்ச்சி குறைந்த பாதத்துக்கும் தனியாக அளவெடுத்துச் செய்யப்படும் மருத்துவக் காலணி, பார்வைக்குச் சாதாரண ஷூவைப் போலவே இருக்கலாம். அது செய்யும் வேலை மட்டும் வேறு. சாதாரண ஷூ காலை மூடிக் காக்கிறது. மருத்துவக் காலணியோ, உடல் எடை உள்ளங்காலின் எந்த இடத்தில் எவ்வளவு இறங்க வேண்டும் என்பதையே மாற்றியமைக்கிறது. அந்த மாற்றம் சரியாக அமைந்தால் ஆறிய புண் ஆறியபடியே இருக்கும், நடக்கும் தூரம் கூடும். தவறாக அமைந்தால், புண்ணைத் தடுக்கச் செய்த காலணியே புண்ணை உண்டாக்கும். செய்பவரின் கைத்திறனை அணிபவரால் கூட்டவோ குறைக்கவோ முடியாது. ஆனால் செய்பவருக்குக் கிடைக்கும் தகவல், அணிந்து பார்க்கும் சோதனைக்கு ஒதுக்கும் நேரம், வீட்டுக்கு வந்தபின் காலில் போட்டிருக்கும் நேரம் ஆகிய மூன்றும் அணிபவர் கையில் இருப்பவை. காலணிக்குச் செலவிட்டும் பலன் காணாதவர்களிடம் விசாரித்தால், குறை பெரும்பாலும் இம்மூன்றில் ஒன்றில்தான் இருக்கும்.

தனியாகச் செய்வது தேவைதானா?

பாதத்தில் வலியோ கோணலோ உள்ள அனைவருக்கும் முழுக்கத் தனியாகச் செய்த காலணி தேவைப்படுவதில்லை. தீர்வுகளை மூன்று படிகளாகப் பார்க்கலாம். முதற்படி, முன்பக்கம் அகலமான, குதிகாலை உறுதியாகப் பிடிக்கும் நல்ல ஷூவும் அதற்குள் வைக்கும் ஆயத்த இன்சோலும். இரண்டாம் படி, உள்ளே கூடுதல் ஆழம் வைத்துத் தயாரிக்கப்பட்ட ஷூவை வாங்கி, அதற்குள் பாதத்தின் அச்சுப்படி செய்த இன்சோலைப் பொருத்துவது. மூன்றாம் படியில்தான் அந்த ஒருவரின் பாதத்துக்கென்றே லாஸ்ட் எனப்படும் கால் அச்சை உருவாக்கி, அதன்மேல் ஷூவைத் தைக்கிறார்கள். தேடி வருபவர்களில் பலருக்கு இரண்டாம் படியே போதும் என்பது என் கருத்து. மூன்றாம் படி, ஆயத்தமாகக் கிடைக்கும் எந்த அளவிலும் பாதம் அடங்காதபோது உரியது: நரம்பு பாதிப்பால் மூட்டுகள் நொறுங்கும் சார்கோ நிலையால் நடுப்பாதம் சரிந்து உள்ளங்கால் கீழ்நோக்கிப் புடைத்தவர்கள், பாதத்தின் ஒரு பகுதியை அறுவையில் இழந்தவர்கள், முடக்குவாதத்தால் முன்பாதம் கடுமையாகக் கோணியவர்கள், பிறவிக் கோணற்பாதத்தின் எச்சம் பெரியவர்களான பிறகும் நீடிப்பவர்கள், நிணநீர் வீக்கத்தால் கால் பெருத்தவர்கள் ஆகியோருக்கு.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்து பார்க்கலாம். தரையில் ஒரு தாளை வைத்து, அதன்மேல் முழு எடையுடன் நின்று, பென்சிலைச் செங்குத்தாகப் பிடித்துப் பாதத்தைச் சுற்றிக் கோடு வரையச் சொல்லுங்கள். அந்த வடிவத்தை வெட்டி, இப்போது அணியும் ஷூவுக்குள் விடுங்கள். தாள் ஓரங்களில் மடங்கினால் அந்த ஷூ உங்கள் பாதத்தைவிடக் குறுகலானது. அதனால் வரும் காய்ப்பும் ஆணியும் பாத நோயல்ல, ஷூவின் கோளாறு. அகலமான ஷூ ஒன்றை வாங்கியதுமே தொல்லை பாதியாகக் குறைந்தவர்கள் உண்டு. குதிகால் வலிக்கும் இதேபோல் முதலில் தசை நீட்டும் பயிற்சியும் எளிய இன்சோலுமே போதுமானவை. எடுத்த எடுப்பில் தனிக் காலணிக்குப் போக வேண்டியதில்லை.

குழந்தைகளைப் பற்றி இங்கேயே சொல்லிவிடலாம். நிற்கும்போது தட்டையாகத் தெரிந்து, நுனிக்காலில் நின்றால் வளைவு திரும்பி வரும் நெகிழ்வான தட்டைப்பாதத்துக்கு, வலி இல்லாதவரை, திருத்தும் காலணி தேவையில்லை. அப்படிப்பட்ட குழந்தைகளைச் சில ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 1989-இல் வெளியான ஆய்வு ஒன்று, திருத்தும் ஷூவும் இன்சோலும் அணிந்தவர்களின் பாத வளர்ச்சிக்கும் எதுவும் அணியாதவர்களின் பாத வளர்ச்சிக்கும் வேறுபாடு இல்லை என்று காட்டியது. கனமான ஷூவில் நடக்கச் சொல்லி அந்தக் குழந்தையை வருத்துவதில் பயனில்லை.

இன்னொரு வகையினர், தேவை இருந்தும் இப்போது செய்யக் கூடாதவர்கள். உள்ளங்காலில் ஆறாத புண் இருப்பவருக்கு முதல் சிகிச்சை ஷூ அல்ல. எடை முழுவதையும் புண்ணிலிருந்து விலக்கும் மாவுக்கட்டோ, முழங்கால் வரை வரும் பிரத்யேக பூட்ஸோதான். நீரிழிவுக்காரரின் ஒரு பாதம் மட்டும் திடீரெனச் சிவந்து, சூடாகி, வீங்கியிருந்தால், வலி பெரிதாக இல்லாவிட்டாலும், அது சார்கோ நிலையின் தொடக்கமாக இருக்கலாம். பிரெஞ்சு மருத்துவர் ழான் மார்ட்டின் சார்கோ நரம்பு பாதிப்பால் மூட்டுகள் நொறுங்குவதை 1868-இல் விவரித்ததால் இந்த நிலைக்கு அவர் பெயர் வந்தது. எலும்புகள் மென்மையாகிச் சரியும் அந்தக் கட்டத்தில் எடுக்கும் அளவு, காலணி தயாராகி வரும்போது பொருந்தாது. சூடும் வீக்கமும் அடங்கி, பாதம் ஒரு வடிவத்தில் நிலைத்துவிட்டது என்று மருத்துவர் சொன்ன பிறகே அளவெடுக்க வேண்டும்.

பரிந்துரைச் சீட்டில் இருக்க வேண்டியவை

'மருத்துவக் காலணி தேவை' என்று ஒற்றை வரியில் எழுதிய சீட்டை வைத்துக்கொண்டு எந்த ஆர்த்தோடிஸ்டாலும் (மருத்துவக் காலணியும் தாங்கு கருவியும் செய்யும் வல்லுநர்) நல்ல காலணி செய்ய முடியாது. நோய் என்ன, எந்த இடத்தில் அழுத்தம் குறைய வேண்டும், எந்த மூட்டின் அசைவைக் கட்டுப்படுத்த வேண்டும், எந்தக் கோணலைத் திருத்த முடியும், எதைத் திருத்த முயலாமல் அப்படியே தாங்கிக்கொள்ள வேண்டும் என்பவை சீட்டில் இருக்க வேண்டும். கடைசியாகச் சொன்ன வேறுபாடு மிக முக்கியமானது. கையால் பிடித்து நேராக்க முடிகிற பாதத்தைக் காலணி நேராக்கலாம்; இறுகிப்போன பாதத்தை நேராக்க முயன்றால், தள்ளும் இடத்தில் தோல் கிழியும்.

நீரிழிவோ தொழுநோயோ உள்ளவர்கள், 10 கிராம் மோனோஃபிலமென்ட் சோதனை செய்யப்பட்டதா என்று கேளுங்கள். நைலான் இழை ஒன்றை உள்ளங்காலின் சில இடங்களில், இழை வளையும் அளவுக்கு மட்டும் அழுத்தி, கண்ணை மூடியிருப்பவர் அதை உணர்கிறாரா என்று பார்க்கும் எளிய சோதனை அது. உணரவில்லை என்றால் பாதம் தன்னைக் காத்துக்கொள்ளும் உணர்ச்சியை இழந்துவிட்டது என்று பொருள். கூடவே பாதத்தின் நாடித்துடிப்பும் பார்க்கப்பட்டிருக்க வேண்டும். இரத்த ஓட்டம் குறைந்த காலில் சிறு உராய்வுகூட ஆறுவதற்கு மாதக்கணக்கில் ஆகும்.

அளவெடுக்கப் போகும்போது பழைய காலணிகளைத் துடைத்துப் பளபளப்பாக்காமல் அப்படியே எடுத்துச் செல்லுங்கள். தேய்ந்த ஷூ நிறையச் சொல்லும். அதை மேசையில் வைத்துப் பின்னாலிருந்து பார்த்தால், குதிகால் சுவர் உட்பக்கம் சாய்ந்திருக்கிறதா வெளிப்பக்கம் சாய்ந்திருக்கிறதா என்பது தெரியும். இன்சோலை வெளியே எடுத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால், எந்த விரல் மூலத்தின் கீழே பள்ளம் விழுந்திருக்கிறது என்பது தெரியும். மேல்தோலில் விரல் முட்டிய இடம் பளபளவென்று மெலிந்திருக்கும். இடது, வலது இரண்டும் வேறுவேறு விதமாகத் தேய்ந்திருந்தால், கால்களின் நீளத்தில் வேறுபாடு உண்டா என்று பார்ப்பதற்கு அதுவே காரணமாகலாம். கணுக்காலுக்குத் தாங்கு கருவி அணிபவர் அதையும், வீக்கத்துக்கு அழுத்தக் காலுறை போடுபவர் அதையும் அணிந்தே அளவு கொடுக்க வேண்டும்.

அன்றாடம் எங்கே, எவ்வளவு நேரம், எந்தத் தரையில் நடக்கிறீர்கள், எவ்வளவு நேரம் நிற்கிறீர்கள், குனிந்து நாடா கட்ட முடியுமா, விரல்களால் கொக்கி மாட்ட முடியுமா, வீட்டுக்குள் காலணி அணிவீர்களா என்பவற்றை அளவெடுப்பவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள். மூட்டுவாதத்தால் கைவிரல்கள் கோணியவருக்கு ஆறு துளை நாடா ஷூ செய்து கொடுத்தால் அது அலமாரியில்தான் இருக்கும்; அவருக்கு வேண்டியது விரல் வரை அகலமாகத் திறந்து, ஒற்றை வெல்க்ரோ பட்டையில் மூடும் எடை குறைந்த ஷூ.

அளவெடுக்கும் நாள்

பாதம் காலையில் ஓர் அளவாகவும் மாலையில் ஓர் அளவாகவும் இருக்கும். ஆகவே பிற்பகலுக்குப் பிறகு, சிறிது நேரம் நடந்த பின் அளவெடுப்பது நல்லது. நிணநீர் வீக்கம் உள்ளவர்கள் மட்டும் இதற்கு விலக்கு. கட்டுப்போட்டு வீக்கத்தை வடியவைத்து, அந்த வடிந்த நிலையில் அளவெடுத்து, ஏற்றத்தாழ்வைச் சமாளிக்கும்படி மேற்பகுதியைத் தளர்த்தவும் இறுக்கவும் வசதி வைக்க வேண்டும். இரண்டு பாதங்களையும் தனித்தனியே அளக்க வேண்டும். இரண்டும் ஒரே அளவாக இருப்பவர்கள் குறைவு. ஒரு பக்கம் மட்டும் நோய் உள்ளவர்களுக்கு இது இன்னும் உண்மை.

நிற்கும்போது ஒரு முறை, உட்கார்ந்திருக்கும்போது ஒரு முறை என இரண்டு நிலைகளிலும் பாதத்தின் வெளிக்கோட்டை வரைவது வழக்கம். இரண்டு கோடுகளுக்கும் உள்ள வேறுபாடு, எடை இறங்கும்போது பாதம் எவ்வளவு பரவுகிறது என்பதைக் காட்டும். வரையும் பென்சில் உள்ளே சாய்ந்தால் அளவு சிறுத்துவிடும், வெளியே சாய்ந்தால் பெருத்துவிடும். எனவே அது செங்குத்தாக இருக்கிறதா என்று நீங்களும் பார்த்துக்கொள்ளலாம். பிறகு நாடாவால் விரல் மூலங்களைச் சுற்றியும், பாதத்தின் மேற்புற மேட்டைச் சுற்றியும், குதிகாலிலிருந்து அந்த மேட்டுக்கும், கணுக்காலுக்கும் சுற்றளவு எடுப்பார்கள். மடங்கிய விரல்கள் எவ்வளவு உயரத்துக்கு எழும்புகின்றன என்பதையும் அளக்க வேண்டும். அகலத்தை மட்டும் கூட்டி உயரத்தைக் கவனிக்காமல் விட்டால், மடங்கிய விரலின் கணு மேல்தோலில் உரசிப் புண்ணாகும்.

உள்ளங்காலின் வடிவத்தை எடுக்கப் பல வழிகள் உள்ளன. மென்மையான நுரைப் பெட்டிக்குள் பாதத்தை அழுத்தி அச்சு எடுக்கலாம். மாவுக்கட்டுத் துணியைச் சுற்றி முழுப் பாதத்தின் அச்சை எடுக்கலாம். முப்பரிமாண ஸ்கேனரில் பதியலாம். எது சிறந்தது என்ற விவாதத்தில் வாங்குபவர் நேரம் செலவிடத் தேவையில்லை. ஸ்கேனர் இருக்கிறது என்பதற்காக ஓர் இடம் சிறந்ததாகிவிடாது; அளவெடுக்கும்போது பாதத்தை எந்த நிலையில் பிடித்திருந்தார்கள் என்பதே இன்சோலின் தரத்தை முடிவு செய்கிறது. அதைவிட உதவுவது மை பூசிய ரப்பர் விரிப்பின்மேல் நடக்கவைத்துத் தாளில் எடுக்கும் பாதப் பதிவு. அழுத்தம் கூடிய இடத்தில் மை கருத்துத் தெரியும். முன்பு புண் இருந்த இடத்தையும் காய்ப்பு விழும் இடத்தையும் அந்தப் பதிவில் குறித்துக் கொடுத்துவிட்டால், பட்டறையில் வேலை செய்பவருக்கு ஊகிக்க எதுவும் மிச்சமிராது.

ஷூவுக்குள் என்ன செய்கிறார்கள்

அடிப்படைக் கொள்கை ஒன்றுதான்: சிறிய இடத்தில் குவியும் எடையைப் பெரிய பரப்பில் பரப்ப வேண்டும். தொழுநோயாளிகளின் பாதங்களை வேலூரில் ஆராய்ந்த மருத்துவர் பால் பிராண்ட், அவர்களின் உள்ளங்கால் புண்கள் நோயினால் தாமாக அழுகி வருபவை அல்ல என்பதையும், வலி தெரியாத காலில் ஒரே இடத்தில் மிதமான அழுத்தம் திரும்பத் திரும்ப விழுவதால் வருபவை என்பதையும் விளக்கினார். வலி தெரிந்தவர், காலின் ஓரிடம் கன்றிப்போனால் தம்மை அறியாமலே நடையை மாற்றிக்கொள்வார். வலி தெரியாதவர் அதே இடத்தில் நாள் முழுவதும் மிதிப்பார். அந்த இடத்தில் எடையைக் குறைக்கும் பொறுப்பை இன்சோல் ஏற்கிறது.

மருத்துவ இன்சோல் பெரும்பாலும் ஒரே பொருளால் ஆனதாக இருக்காது. தோலைத் தொடும் மேலடுக்கு பாதத்தின் வடிவத்துக்குத் தன்னைத் தழுவிக்கொள்ளும் மென்மையான நுரை. நடுவில் அமுங்கி மீண்டும் எழும் பொருள். கீழே வடிவத்தைத் தாங்கும், ஈ.வி.ஏ. எனப்படும் கடினமான நுரைப் பிளாஸ்டிக். உணர்ச்சி குறைந்த பாதங்களுக்கான செருப்புகளில் எம்.சி.ஆர். எனப்படும் நுண்துளை ரப்பர் நெடுங்காலமாகப் பயன்படுகிறது. 'எவ்வளவு மெத்தென்று இருக்கிறதோ அவ்வளவு நல்லது' என்று பலர் நினைக்கிறார்கள். மிக மென்மையான பொருள் எடை ஏறியதும் முழுவதும் நசுங்கி, அதற்குப் பின் இல்லாததற்குச் சமமாகிவிடும். கட்டைவிரலால் அழுத்தினால் அமுங்கி, விட்டால் எழ வேண்டும். அடித்தளத்தை விரல் தொட்டுவிடக் கூடாது.

முன்பாதத்தின் அழுத்தத்தைக் குறைக்க, விரல் மூல எலும்புகளுக்குப் பின்னால் சிறு மேடு ஒன்றை ஒட்டுவதுண்டு. அது எலும்பு முனைகளுக்கு நேர் கீழே அல்ல, அவற்றுக்குச் சற்றுப் பின்னால், அரை முதல் ஒரு செ.மீ. தள்ளி இருக்க வேண்டும். முன்னால் நகர்ந்துவிட்டால், குறைக்க வேண்டிய இடத்திலேயே அழுத்தத்தைக் கூட்டும். மேடு வைத்த இன்சோலை அணிந்ததும் வலி கூடினால், அந்த மேட்டின் இடம்தான் முதலில் சந்தேகத்துக்குரியது.

அடிப்பகுதியில் செய்யும் மாற்றங்களில் அதிகம் உதவுவது ராக்கர் சோல். அடித்தளத்தை விறைப்பாக்கி, முன்பக்கத்தை மேல்நோக்கி வளைத்துவிட்டால், பாதம் விரல் மூலத்தில் மடங்காமலே உருண்டு முன்னேறும். பெருவிரல் மூட்டு இறுகியவர்களுக்கும், விரல் மூலத்தில் புண் வந்து ஆறியவர்களுக்கும் இது பெரிய நிவாரணம். வளைவு தொடங்கும் இடம் விரல் மூல எலும்புகளுக்குப் பின்னால் இருக்க வேண்டும். முன்னால் தொடங்கினால் பலன் இல்லை. ஆனால் ராக்கர் சோல் நிற்கும்போது சமநிலையைச் சற்றுக் குலைக்கும். முதியவர்களும், கால் எங்கே பதிகிறது என்ற உணர்வே குறைந்தவர்களும் முதலில் கைப்பிடியைப் பிடித்து நடந்து பழக வேண்டும். ஒரு காலில் மட்டும் ராக்கர் வைத்தால் மற்றொரு காலின் அடித்தளத்தையும் அதே உயரத்துக்கு உயர்த்தித் தரச் சொல்லுங்கள். பலர் இதை மறந்துவிடுகிறார்கள்.

ஒரு கால் குட்டையாக இருந்தால், சுமார் ஒரு செ.மீ. வரை ஷூவுக்குள்ளேயே உயர்த்தலாம். அதற்கு மேல் உள்ளே வைத்தால் குதிகால் ஷூவிலிருந்து வெளியே எழும்பும். எனவே மிச்சத்தை வெளியே அடித்தளத்தில் சேர்க்க வேண்டும். நெடுங்காலமாகக் குட்டைக் காலுடன் நடந்து பழகிய முதுகு, முழு வேறுபாட்டையும் ஒரே நாளில் ஈடு செய்தால் வலிக்கும். பகுதி பகுதியாக உயர்த்துவதே முறை. பாதத்தின் முன்பகுதியை இழந்தவர்களுக்குக் காலியான இடத்தை நிரப்பினால் மட்டும் போதாது. அடித்தளம் விறைப்பாக இல்லையென்றால், ஷூ அறுவைத் தழும்பு இருக்கும் இடத்தில் மடங்கி அந்தத் தோலைக் கிழிக்கும்.

மேற்பகுதியைப் பொறுத்தவரை, பெருவிரல் மூட்டு புடைத்திருக்கும் இடத்தின் மேல் தையல் வரக் கூடாது. உட்புறத் துணியில் மடிப்போ முடிச்சோ இருக்கக் கூடாது. குதிகால் சுவர் உறுதியாக இருக்க வேண்டும்.

முடிவதற்கு முன் ஒரு சோதனை

அடித்தளத்தை ஒட்டி முடிப்பதற்கு முன்பே ஒருமுறை அணிந்து பார்க்க வாய்ப்புக் கேளுங்கள். நல்ல பட்டறைகள் தாமாகவே அழைக்கும். சில இடங்களில் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக்கில் சோதனை ஷூ ஒன்றை வார்த்து, எங்கே தோல் வெளுக்கிறது என்று வெளியிலிருந்தே பார்ப்பார்கள். எல்லாம் முடிந்த பிறகு செய்யும் திருத்தம் பெரும்பாலும் ஒட்டுவேலையாகவே முடியும்.

நின்ற நிலையில், மிக நீளமான விரலுக்கு முன்னால் ஒன்று முதல் இரண்டு செ.மீ. வரை இடம் இருக்க வேண்டும். மிக நீளமான விரல் எப்போதும் பெருவிரலாகவே இருப்பதில்லை என்பதை நினைவில் கொள்ளுங்கள். இன்சோலை வெளியே எடுத்துத் தரையில் வைத்து, அதன்மேல் நின்று பாருங்கள். பாதத்தின் எந்தப் பகுதியும் அதன் ஓரத்தைத் தாண்டி வழியக் கூடாது. ஷூவைப் போட்டுக்கொண்டு நடக்கும்போது அது மடங்கும் இடமும் விரல் மூலமும் ஒன்றாக அமைய வேண்டும். பிறகு கையை உள்ளே விட்டு, விரல் நுனிகளால் மேல், கீழ், பக்கம் என எல்லா உட்புறத்தையும் மெதுவாகத் தடவுங்கள். ஆணியின் முனை, தையலின் தடிப்பு, பசை உறைந்த கட்டி எதுவானாலும் கண்ணுக்கு முன் கைக்குத் தெரிந்துவிடும்.

உணர்ச்சி குறைந்தவர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். 'எப்படி இருக்கிறது?' என்று கேட்டால் 'வசதியாக இருக்கிறது' என்று நீங்கள் சொல்லும் பதில் எந்தச் சான்றும் ஆகாது. சொல்லப்போனால், உணர்ச்சி குறைந்த பாதத்துக்கு இறுக்கமான ஷூவே 'சரியாகப் பிடிக்கிறது' என்று தோன்றும். சரியான அளவு தொளதொளவென்று தோன்றும். அளவுகோலும், கண்ணும், முடிந்தால் ஷூவுக்குள் வைத்து அழுத்தத்தை அளக்கும் கருவியும் சொல்வதையே நம்ப வேண்டும். அந்தக் கருவி உள்ள இடமானால், முன்பு புண் இருந்த இடத்தில் உச்ச அழுத்தம் 200 கிலோபாஸ்கலுக்குக் கீழே வந்திருக்கிறதா, அல்லது முன்பைவிட 30 சதவீதமாவது குறைந்திருக்கிறதா என்று கேளுங்கள். நீரிழிவுப் பாதத்துக்கான சர்வதேச வழிகாட்டுதல்கள் வைத்திருக்கும் அளவுகோல் அதுதான்.

பழகுவதும் அணிவதும்

புதுக் காலணியை முதல் நாளே வெளியூர்ப் பயணத்துக்குப் போட்டுச் செல்லக் கூடாது. முதல் நாள் வீட்டுக்குள் ஒரு மணி நேரம் போதும். கழற்றியதும் காலுறையையும் எடுத்துவிட்டு, நல்ல வெளிச்சத்தில் இரண்டு பாதங்களையும் பாருங்கள். உள்ளங்காலுக்குக் கண்ணாடியை வைத்துக்கொள்ளுங்கள், அல்லது வீட்டில் உள்ள ஒருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். லேசான சிவப்பு அரை மணி நேரத்துக்குள் மறைந்தால் மறுநாள் சிறிது நேரம் கூட்டலாம். மறையாத சிவப்பு, கொப்புளம், தோல் உரிதல் எதுவானாலும் அணிவதை நிறுத்திவிட்டுக் காலணியுடன் திரும்பிச் செல்ல வேண்டும். 'போகப் போகப் பழகிவிடும்' என்பது சாதாரண ஷூவுக்கே முழுதும் பொருந்தாத வாக்கு. உரசும் இடம் ஷூவில் எங்கே இருக்கிறது என்று சொல்லத் தெரியவில்லையென்றால், சிவந்த இடத்தில், தோல் கிழியாமல் இருந்தால் மட்டும், சிறிது உதட்டுச் சாயத்தைத் தடவிக் காலை உள்ளே விட்டு எடுங்கள். சாயம் ஒட்டிய இடத்தைச் செய்பவரிடம் காட்டினால் போதும்.

வெளிர் நிறக் காலுறை அணிவது நல்லது. இரத்தமோ நீரோ கசிந்தால் உடனே தெரியும். ஒவ்வொரு முறையும் அணிவதற்கு முன் ஷூவைக் கவிழ்த்துத் தட்டி, கையை உள்ளே விட்டுப் பார்க்க வேண்டும். சிறு கல்லோ நாணயமோ உள்ளே கிடக்க, அது தெரியாமல் நாள் முழுதும் நடந்தவர்களின் கதைகள் பாத மருத்துவப் பிரிவுகளில் சாதாரணம். வெப்பமானி வைத்துப் பாதத்தின் சூட்டைப் பார்ப்பவர்கள், இரு பாதங்களின் ஒரே இடத்தில் 2.2 டிகிரி செல்சியஸுக்கு மேல் வேறுபாடு இரண்டு நாள் தொடர்ந்தால் நடையைக் குறைத்து மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

இவை அனைத்தையும் செய்பவர்களும் ஓரிடத்தில் தவறுகிறார்கள், அது வீடு. முன்பு பாதப் புண் வந்து ஆறி, தனிக் காலணி வாங்கிய நீரிழிவுக்காரர்களின் காலணிக்குள் உணர்கருவி வைத்து நெதர்லாந்தில் செய்த ஆய்வு 2013-இல் வெளியானது. வெளியே போகும்போது அவர்கள் நடந்த அடிகளில் 87 சதவீதம் காலணியுடன் இருந்தன. வீட்டுக்குள் 61 சதவீதமே. ஆனால் ஒரு நாளில் அவர்கள் வெளியே நடந்ததைவிட வீட்டுக்குள் நடந்த அடிகளே அதிகம். அதே ஆண்டில் வெளியான இன்னோர் ஆய்வில், அழுத்தம் அளந்து மேம்படுத்திய காலணி தந்த பலன், நடக்கும் அடிகளில் 80 சதவீதத்துக்கு மேல் அதை அணிந்தவர்களிடம்தான் தெளிவாகத் தெரிந்தது: அவர்களில் சுமார் 26 சதவீதத்தினருக்குப் புண் திரும்பியது, மேம்படுத்தாத காலணியை அதே அளவு அணிந்தவர்களிடமோ அது சுமார் 48 சதவீதம். அணிவதில் தவறியவர்களுக்கு மேம்பாட்டினால் அந்த லாபம் கிடைக்கவில்லை.

ஆகவே, ஒரு ஜோடிக்கு ஆகும் செலவில் கொஞ்சம் ஒதுக்க முடிந்தால், அதே இன்சோல் வடிவத்தில் வீட்டுக்கென்று எடை குறைந்த செருப்பு ஒன்றையும் சேர்த்துச் செய்யச் சொல்வதே அறிவுடைமை. படுக்கையிலிருந்து இரவில் எழும்போதும் அதுவே காலில் இருக்க வேண்டும். வெளியே போட்ட காலணியை வீட்டுக்குள் கொண்டுவர மனம் ஒப்பாதவர்களுக்கும் இது வழிவிடும். உணர்ச்சி குறைந்தவர்களுக்கு அந்தச் செருப்பில் விரலிடைப் பட்டை இருக்கக் கூடாது. அது விரலிடுக்கில் புண் செய்யும், காலிலிருந்து நழுவினாலும் தெரியாது. குதிகாலுக்குப் பின்னால் பட்டை இருப்பது அவசியம். தோற்றம் பிடிக்காத காலணியை யாரும் நாள்தோறும் அணிய மாட்டார்கள். எனவே நிறத்தையும் வடிவத்தையும் பற்றி அளவெடுக்கும் நாளிலேயே கூச்சப்படாமல் பேசிவிடுங்கள்.

பராமரிப்பும் அடுத்த ஜோடியும்

நனைந்த ஷூவை அடுப்பருகிலோ வெயிலிலோ காயவைத்தால் தோல் வெடிக்கும், நுரை சுருங்கும், பசை விடும். உள்ளே தாளைத் திணித்து நிழலில் காயவைக்க வேண்டும். இரண்டு ஜோடி இருந்தால் மாற்றி மாற்றி அணிவது வியர்வை உலர நேரம் தரும்.

மேற்பகுதி புதிதாகவே இருக்கும்போது இன்சோல் உள்ளுக்குள் செத்துப்போவதுதான் இதில் உள்ள ஏமாற்று. அமெரிக்காவின் மெடிகேர் காப்பீடு, தகுதியுள்ள நீரிழிவுக்காரர்களுக்கு ஆண்டுக்கு ஒரு ஜோடி ஆழமான ஷூவுக்கு மூன்று ஜோடி இன்சோல் என்று கணக்கிடுவது இதனால்தான். விரல் மூலத்தின் கீழே நிரந்தரப் பள்ளம் விழுந்துவிட்டாலோ, அமுக்கினால் எழாவிட்டாலோ இன்சோலை மாற்ற வேண்டும். குதிகாலின் ஓரம் ஒரு பக்கம் தேய்ந்தால் உடனே அடித்தளத்தைப் புதுப்பிக்க வேண்டும். ஆனால் ராக்கர் வளைவோ உயர்வோ வைத்த ஷூவைத் தெருவோரத்தில் கொடுத்து அடி மாற்றினால் அந்த வளைவு போய்விடும். செய்த இடத்திலேயே கொடுங்கள்.

உணர்ச்சியையும் இழந்து, முன்பு புண்ணும் வந்தவர்களுக்கு ஒன்று முதல் மூன்று மாதங்களுக்கு ஒருமுறை பாதப் பரிசோதனை தேவை. அந்தச் சந்திப்புகளுக்குக் காலணியை அணிந்தே செல்லுங்கள், பாதத்துடன் அதையும் பார்க்கச் சொல்லுங்கள். உடல் எடை கணிசமாகக் கூடினாலோ குறைந்தாலோ, விரல் ஒன்றை அகற்ற நேர்ந்தாலோ, புதிய இடத்தில் காய்ப்பு தோன்றினாலோ பழைய இன்சோல் பொருந்தாது. அடுத்த ஜோடிக்குச் செல்லும்போது, பட்டறையில் வைத்திருக்கும் உங்கள் லாஸ்டை அப்படியே எடுத்துத் தைக்கத் தொடங்கிவிடாமல், பாதத்தைப் புதிதாக அளந்து லாஸ்டுடன் ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். வேறுபாடு உள்ள இடத்தில் தோலோ கார்க்கோ ஒட்டியோ, சீவியோ லாஸ்டைத் திருத்துவது சிறு வேலைதான். அதற்குப் பிறகும் முதல் நாள் ஒரு மணி நேரம் என்று தொடங்கும் பழக்கம் புதிய ஜோடிக்கும் உண்டு. புதியது பழகும்வரை பழையதை வீசிவிடாதீர்கள்.